வெட்டுனவன் யாருன்னே தெரியல, கேஸ் அப்படியே கிடக்கு: தம்பி கைக்கு அரசாங்கத்துக்கிட்ட இழப்பீடு கேட்க முடியுமா?

கோரையாற்றங்கரை செல்வி

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நீடாமங்கலம் பக்கம். என் தம்பி கருதறுக்கிற மிஷின் டிரைவர். போன தை அறுப்புல ராத்திரி வேலை முடிச்சு ஆத்தங்கரை ரோட்டுல பைக்ல வந்தவனை ரெண்டு பேர் மறிச்சு, போனையும் பணத்தையும் பிடுங்கியிருக்காங்க. இவன் விடாம இழுத்துப் பிடிச்சிருக்கான். வலது கையில அருவாளால ஒரே வெட்டு. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல ஆபரேஷன் பண்ணினாங்க. காயம் ஆறிடுச்சு, ஆனா மூணு விரல் மடங்க மாட்டேங்குது. லிவரைப் பிடிச்சு இழுக்க முடியல. மிஷின்காரர் வேற ஆளை வச்சிட்டார், அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. குறுவை அறுப்பு வரப்போகுது, இவன் திண்ணையில உக்காந்திருக்கான். கல்யாணம் ஆகி ரெண்டு சின்னப் புள்ளைங்க.

எஃப்.ஐ.ஆர். போட்டிருக்காங்க. ஸ்டேஷன்ல கேட்டா ஆள் கிடைச்சாதான் மேல நகரும்ங்கிறாங்க. ஊர்ல ஒருத்தர் அரசாங்கமே இழப்பீடு தரும்ங்கிறார். இன்னொருத்தர் ஆள் பிடிபட்டு, கோர்ட்டுல தண்டனை ஆனாதான் காசுங்கிறார். யார் சொல்றது சரி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாபநாசம் ராமு

தங்கச்சி, அந்த 48 மணி நேர இலவச சிகிச்சைத் திட்டத்துல பார்த்தீங்களா? இல்லைன்னா ட்ரிப்யூனல்ல கேஸ் போடலாம். எங்க மாமாவுக்கு லாரி மோதினப்போ அப்படித்தான் பணம் வந்துச்சு.

குமாஸ்தா கும்பகோணம்

ராமு அண்ணன் நல்ல மனசோட சொல்றார். ஆனா அந்த ரெண்டும் சாலை விபத்துக்கு. இன்னுயிர் காப்போம் திட்டம் 2021-ல ரோட்டு விபத்துக்காக வந்தது. ட்ரிப்யூனல்ல வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கும், அந்தக் கம்பெனி கட்டும். அருவாள் வெட்டுக்கு ஏது இன்சூரன்ஸ் கம்பெனி? இதுக்கு வழியே வேற.

செல்வி அம்மா, ஊர்ல முதல்ல சொன்னவர்தான் சரி. குற்றவாளி பிடிபடணும், தண்டனை ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்துல 357ஏ-ன்னு ஒரு பிரிவு 2009 கடைசியில அமலுக்கு வந்தது. 2024 ஜூலை 1-லேர்ந்து நடக்கிற குற்றத்துக்கு அதே விஷயம் பி.என்.எஸ்.எஸ்.ங்கிற புதுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்துல 396-வது பிரிவா இருக்கு. அதோட நாலாவது உட்பிரிவு உங்க தம்பிக்குன்னே எழுதின மாதிரி இருக்கும்: குற்றவாளி யாருன்னு தெரியல, கண்டுபிடிக்க முடியல, வழக்கு விசாரணையே நடக்கல, ஆனா அடிபட்டவர் யாருன்னு தெரியும். அப்படின்னா அடிபட்டவரோ, அவர் இறந்துட்டா அவரை நம்பியிருந்தவங்களோ இலவசச் சட்ட உதவி தர்ற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரா மனு போடலாம். தமிழ்நாட்டுல இதுக்கான இழப்பீட்டுத் திட்டம் 2013-லேயே வந்தாச்சு.

உங்களுக்கு திருவாரூர் மாவட்ட ஆணைக்குழு. கோர்ட்டு வளாகத்துக்குப் போய் "சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் எங்க"ன்னு கேட்டா காட்டுவாங்க. அதோட செயலாளர் ஒரு நீதிபதி. மனுவுக்குக் கோர்ட்டு ஃபீஸ் கிடையாது.

அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும். முதல்ல எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்க? அங்க என்ன சொல்லிச் சேர்த்தாங்க?

கோரையாற்றங்கரை செல்வி

ரொம்ப நன்றிங்க. நீங்க கேட்டதும் வயித்தைக் கலக்குது. தம்பியைத் தூக்கிட்டுப் போனது அவனோட வேலை பார்க்கிற பையன். பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில போலீஸ் கேஸ்னா எடுக்க மாட்டோம்னு சொல்லியிருக்காங்க. அவன் பதறிப்போய் "பைக்லேர்ந்து விழுந்துட்டான், தகரம் கிழிச்சிடுச்சு"ன்னு சொல்லிட்டான். அங்க கட்டு மட்டும் போட்டு அனுப்பிட்டாங்க. விடியக்காலை மெடிக்கல் காலேஜுக்கு நாங்க கொண்டுபோனப்போ தம்பியே டாக்டர்கிட்ட நடந்ததைச் சொன்னான். முதல் ஆஸ்பத்திரி சீட்டுல "விழுந்து காயம்"னுதான் இருக்கு. இதனால எல்லாம் கெட்டுப்போயிடுமா?

ஸ்டாஃப் நர்ஸ் தஞ்சை

செல்வி, கெட்டுப்போகாது. நான் அவசரப் பிரிவுல வேலை பார்த்தவ. இதை நான் கொஞ்சம் நீளமாச் சொல்றேன், ஏன்னா இங்கதான் நம்ம பக்கத்து ஜனங்க கை நழுவிப் போகுது.

அரசு ஆஸ்பத்திரியில அடிதடிக் காயத்தோட வந்தா டாக்டர் ஏ.ஆர். எழுதுவார், விபத்துப் பதிவேடு. அதுல எத்தனை பேர், தெரிஞ்சவங்களா தெரியாதவங்களா, எந்த ஆயுதம், எந்த இடம், எத்தனை மணி, யார் கூட்டிட்டு வந்தாங்கன்னு ரெண்டு மூணு வரி இருக்கும். அப்புறம் காயத்தோட நீளம், ஆழம். அங்கேயிருந்து போலீசுக்குத் தகவல் போகும். பின்னாடி எஃப்.ஐ.ஆர்., காயச் சான்றிதழ், இழப்பீட்டு மனு எல்லாமே இந்த ரெண்டு மூணு வரியைத்தான் திரும்பிப் பார்க்கும். வெட்டுக்காயத்தோட வந்து "வழுக்கி விழுந்துட்டேன்"னு சொல்றவங்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். வெட்டினவன் சொந்தக்காரனா இருப்பான், இல்ல போலீஸ்னா பயம், இல்ல பொம்பளைங்களா இருந்தா புருஷன் பக்கத்துலயே நிப்பான். காயத்தைப் பார்த்தா எங்களுக்குத் தெரியும். ஆனா நோயாளி சொல்றதைத்தான் எழுதணும்.

உங்க விஷயத்துல நல்லது என்னன்னா, சில மணி நேரத்துக்குள்ள மெடிக்கல் காலேஜ்ல உண்மையைச் சொல்லி ஏ.ஆர். பதிவாகியிருக்கு. அதுவும் அடிபட்டவன் தன் வாயாலயே சொன்னது. முதல் சீட்டை மறைக்காதீங்க, கிழிச்சும் போடாதீங்க. ரெண்டையும் சேர்த்து வச்சு, அந்தப் பையன் ஏன் அப்படிச் சொன்னான்னு போலீஸ்கிட்ட வாக்குமூலம் கொடுக்கச் சொல்லுங்க. பயந்துபோய்ச் சொன்னேன்னு அவனே சொல்லட்டும். வெட்டுக் காயத்துக்கும் தகரக் கிழிசலுக்கும் விளிம்பே வேற மாதிரி இருக்கும், டாக்டர் குறிப்புல அது தெரியும்.

இப்ப செய்ய வேண்டியது: ஆஸ்பத்திரி மெடிக்கல் ரெக்கார்டு பிரிவுல ஐ.பி. நம்பரைச் சொல்லி ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு எல்லாத்துக்கும் எழுதிக்கொடுங்க. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் போன ஓ.பி. சீட்டு, பிசியோதெரபி சீட்டு, வெளியில வாங்கின மாத்திரை பில் ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க.

குமாஸ்தா கும்பகோணம்

சிஸ்டர் சொன்ன ஓ.பி. சீட்டு ஏன் முக்கியம்னு சேர்த்துக்கிறேன். சாதாரணக் காயம் வேற, கொடுங்காயம் வேற. பி.என்.எஸ்.ங்கிற புதுத் தண்டனைச் சட்டம் 116-ல கொடுங்காயம்னா எதெதுன்னு இருக்கு. எலும்பு முறிஞ்சா கொடுங்காயம். ஒரு உறுப்பு நிரந்தரமா செயல் இழந்தா கொடுங்காயம். 15 நாள் கடும் வலியில கிடந்தாலோ, 15 நாள் வழக்கமான வேலையைப் பார்க்க முடியாம போனாலோ அதுவும்தான். பழைய சட்டத்துல இது 20 நாளா இருந்தது. நம்ம ஜனம் மூணாம் நாளே "வீட்டுக்குப் போறோம், மாடு கன்னு இருக்கு"ன்னு எழுதிக்கொடுத்துட்டு வந்துடும். அப்புறம் 15 நாள் படுத்திருந்ததுக்கு என்ன அத்தாட்சி? தொடர்ந்து ஓ.பி.க்குப் போன சீட்டுதான்.

எஃப்.ஐ.ஆர். நகல் கையில இருக்கா? என்ன செக்‌ஷன்?

கோரையாற்றங்கரை செல்வி

நகல் இருக்குங்க. 309(6)-னு போட்டிருக்கு. ஓ.பி. சீட்டெல்லாம் அம்மா ஒரு மஞ்சப்பையில போட்டு வச்சிருக்காங்க. ஒண்ணும் போகல.

குமாஸ்தா கும்பகோணம்

அம்மாவுக்குக் கும்பிடு. 309(6) வழிப்பறியில காயம் உண்டாக்கினது. காயச் சான்றிதழ்ல கொடுங்காயம்னு டாக்டர் எழுதியிருந்தா, அதுக்கேத்த பிரிவைச் சேர்க்கச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு எழுத்துல மனு கொடுங்க. வாயால கேட்டா காத்தோட போயிடும். புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளுக்குள்ள புலன்விசாரணை எந்த நிலையில இருக்குன்னு போலீஸ் தெரிவிக்கணும், பி.என்.எஸ்.எஸ். 193-ல அது இருக்கு. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதிக் கேளுங்க.

கேஸை மூடிட்டா ஆர்.சி.எஸ். நோட்டீஸ்னு ஒண்ணு உங்க கைக்கு வரும். அது வந்தா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சு அழாதீங்க. நடந்ததே பொய்னு மூடினா அதை எதிர்த்து மாஜிஸ்திரேட்டுக்கிட்ட ஆட்சேபம் சொல்லணும். சம்பவம் உண்மை, ஆள்தான் கிடைக்கலன்னு மூடினா அந்தக் காகிதம் இழப்பீட்டு மனுவுக்கு உங்களுக்குப் பலம்.

வெண்ணாறு விவசாயி

இவ்வளவு தூரம் அலையணுமான்னு கேக்கறேன். எங்க அண்ணனுக்கும் பங்காளிக்கும் வாய்க்கா தண்ணி முறையில தகராறு வந்து மம்முட்டியால மண்டையில அடிச்சிட்டான். ஊர்ப் பெரியவங்க உக்காந்து பேசி, ஆஸ்பத்திரிச் செலவையும் மேற்கொண்டு கொஞ்சம் பணத்தையும் வாங்கிக் கொடுத்தாங்க. ரெண்டு வீடும் இப்பப் பேசிக்குது. கேஸ்னு போயிருந்தா இன்னிக்கு வரைக்கும் வாய்தாதான். கிராமத்துல அடுத்த வயல்காரனைப் பகைச்சுக்கிட்டுத் தண்ணி பாய்ச்ச முடியாது. நான் அனுபவத்துல சொல்றேன்.

திருத்துறைப்பூண்டி தோழர்

ஐயா சொல்றதுல ஒரு உண்மை இருக்கு, மறுக்கல. ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்கிறவங்க ஆயுசுக்கும் முகம் பார்த்தாகணும். ஆனா பஞ்சாயத்துல ரெண்டு தரப்பும் சமமா உக்காந்திருந்தாதான் அது நியாயம். குத்தகைக்காரனுக்கும் நிலக்காரனுக்கும், கூலி ஆளுக்கும் மிராசுக்கும் நடுவுல பேசுற பஞ்சாயத்துல அடிபட்டவன் துண்டைக் கக்கத்துல வச்சிக்கிட்டு நின்னுதான் கையெழுத்துப் போடுறான். ஆஸ்பத்திரிச் செலவு வரும். ஆறு மாசம் கழிச்சுத் தலைசுத்தி விழுந்தா யார் தருவா?

இன்னொண்ணு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களை மத்தவங்க தாக்கினா வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கு. அதோட விதிகள்ல 2016 திருத்தத்துக்கு அப்புறம் நிவாரணம் 85,000 ரூபாயிலேர்ந்து 8,25,000 ரூபாய் வரைக்கும், குற்றத்தைப் பொறுத்து. இது தீர்ப்பு வர்ற வரைக்கும் நிக்காது. எஃப்.ஐ.ஆர். ஆனதும் ஒரு பங்கு, குற்றப்பத்திரிகை போனதும் ஒரு பங்கு, தண்டனையானதும் மீதின்னு பெரும்பாலான குற்றத்துக்குப் பிரிச்சிருக்கு. கொலைன்னா பிரேதப் பரிசோதனை முடிஞ்சதும் பாதி. கலெக்டர் மூலமா வரணும். எஃப்.ஐ.ஆர்-ல அந்தச் சட்டப் பிரிவைச் சேர்க்காம வெறும் அடிதடின்னு போட்டுட்டா இந்தக் கதவே திறக்காது. முதல் நாளே அதைப் பார்க்கணும். டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்கணும்னும் விதி இருக்கு. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், ஜாமீன் கேட்டா பாதிக்கப்பட்டவரையும் கோர்ட்டு கேக்கணும், அதே சட்டத்தோட 15ஏ பிரிவு.

வெண்மணி நம்ம மண்ணுலதான் நடந்தது. 1968-ல 44 உயிர். அப்போ இப்படி ஒரு விதி கிடையாது. இன்னிக்கு இருக்கிறதை நம்ம ஆளுங்க கேக்காம விடுறதைப் பார்த்தா மனசு தாங்கல.

குமாஸ்தா கும்பகோணம்

வெண்ணாறு ஐயா, உங்க அண்ணன் கேஸ்ல அடிச்சவர் யாருன்னு தெரியும். செல்வி தம்பிக்குப் பேசி முடிக்க எதிர்ல ஆளே இல்ல. அதை நினைச்சுப் பாருங்க.

அடிச்சவன் தெரிஞ்ச கேஸ்ல என்னென்ன வழின்னும் சொல்லிடறேன், படிக்கிறவங்களுக்கு உதவும். தண்டனை கொடுக்கிற கோர்ட்டு அபராதத்துலேர்ந்து அடிபட்டவருக்குக் கொடுக்கச் சொல்லலாம், அபராதம் இல்லாத தண்டனையா இருந்தாலும் எதிரியை இழப்பீடு கட்டச் சொல்லலாம். அது பி.என்.எஸ்.எஸ். 395. அது பத்தாதுன்னு கோர்ட்டுக்குத் தோணினா அரசுத் திட்டத்துலேர்ந்து கொடுக்கப் பரிந்துரை பண்ணலாம், அது 396(3). எதிரி விடுதலையே ஆகிட்டாலும் அடிபட்டவருக்கு மறுவாழ்வு வேணும்னா அதே பிரிவுல பரிந்துரைக்கலாம். இது நிறைய பேருக்குத் தெரியாது. சாட்சி சரியில்லாம எதிரி வெளிய போனதால வெட்டுப்பட்ட கை வெட்டுப்படாத கை ஆகிடுமா? இழப்பீடு கொடுக்கணுமான்னு கோர்ட்டு ஒவ்வொரு கேஸ்லயும் யோசிச்சே ஆகணும்னு சுப்ரீம் கோர்ட்டு 2013-லயே அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்குல சொல்லிடுச்சு. கொடுத்த இழப்பீடு பத்தலன்னா பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு போகலாம், பி.என்.எஸ்.எஸ். 413.

வெளிய பேசி முடிச்சுக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரண அடிதடின்னா சமாதானம் ஆகலாம். கொலை முயற்சி மாதிரிப் பெரிய பிரிவுல ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கிட்டா கேஸ் தானா முடியாது. சாட்சிக் கூண்டுல ஏறி "இவர் இல்லீங்க"ன்னு சொல்லிப் பிறழ் சாட்சி ஆனா, அரசாங்க இழப்பீடு கேட்கிற தகுதியும் ஆடிப்போகும். போலீசுக்கும் அரசுத் தரப்புக்கும் ஒத்துழைக்கணும்ங்கிறது திட்டத்தோட நிபந்தனை.

வெண்ணாறு விவசாயி

ஆள் தெரியாத கேஸ்னு நான் யோசிக்கல, அது சரிதான். அந்தத் தம்பி மனு போடட்டும். ஆனா எங்க அண்ணன் விஷயத்துல நாங்க செஞ்சது தப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

மயிலாடுதுறை மீனா

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். இந்த இழையை நேத்துலேர்ந்து படிக்கிறேன். என் அக்காவை அவ புருஷன் விறகுக்கட்டையால அடிச்சுத் தாடை எலும்பு உடைஞ்சிடுச்சு. ஆபரேஷன் பண்ணிக் கம்பி கட்டியிருக்காங்க, வாய் திறக்க முடியாம கஞ்சிதான் குடிக்கிறா. எஃப்.ஐ.ஆர். ஆகிடுச்சு, அவர் ஜாமீன்ல வந்துட்டார். புருஷன் அடிச்சதுக்கும் இந்த இழப்பீடு உண்டா? வீட்டு விஷயம்னு சொல்லிடுவாங்களா?

ஸ்டாஃப் நர்ஸ் தஞ்சை

மீனா, அக்கா இப்ப எங்க இருக்காங்க? அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க. பயமா இருந்தா 181-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம். மாவட்டத்துல ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கு, தங்க இடம், கவுன்சலிங், வக்கீல் எல்லாத்துக்கும் அங்க வழி பண்ணுவாங்க.

மயிலாடுதுறை மீனா

இப்ப எங்க வீட்லதான் இருக்கா அக்கா. புள்ளையும் இங்கதான்.

குமாஸ்தா கும்பகோணம்

நல்லது. வீட்டு விஷயம்னு யாரும் சொல்ல முடியாது. அடிச்சவன் புருஷனா இருந்தா குற்றம் குற்றமில்லன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. பெண்களுக்குத் தனியா ஒரு திட்டம் இருக்கு. நிபுண் சக்சேனா வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு தயாரிச்சது, 2018 அக்டோபர் 2-லேர்ந்து அமல். பாலியல் குற்றத்துக்கு மட்டும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. மற்ற குற்றங்களும் அதுல சேர்த்தி. அந்த அட்டவணையில மறுவாழ்வு தேவைப்படுற கொடுங்காயத்துக்கோ மனக்காயத்துக்கோ 1 லட்சத்திலிருந்து 2 லட்சம். நிரந்தர ஊனம் 20 சதவீதத்துக்குக் கீழன்னாலும் 1 முதல் 2 லட்சம், 20-லேர்ந்து 40 சதவீதம்னா 1 முதல் 3, 40-லேர்ந்து 80 வரை 2 முதல் 4, 80-க்கு மேல 2 முதல் 5. அடியில கரு கலைஞ்சா 2 முதல் 3 லட்சம். உயிர் போனா 5 முதல் 10 லட்சம். ஆசிட்ல முகம் சிதைஞ்சா 7 முதல் 8 லட்சம், அதுல 1 லட்சத்தை 15 நாளுக்குள்ள கொடுத்தாகணும்.

அக்காவுக்கு எலும்பு முறிவு, அதனால கொடுங்காயம்னு வாதாட ஒண்ணுமே இல்ல. மனு போட சம்பவத்துலேர்ந்தோ வழக்கு முடிஞ்சதுலேர்ந்தோ 3 வருஷம் வரைக்கும் காலம் இருக்கு. அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். உத்தரவாகிற தொகையில 75 சதவீதத்தை வங்கியில 3 வருஷத்துக்குக் குறையாத வைப்புத்தொகையா போடுவாங்க, 25 சதவீதம் உடனே எடுக்கலாம். மருத்துவத்துக்கோ படிப்புக்கோ வேணும்னா முன்னாடியே எடுக்க அனுமதி கேட்கலாம். அக்கா பேர்ல தனிக் கணக்கு இருக்கணும். புருஷனோட சேர்ந்த கணக்கைக் கொடுத்துடாதீங்க.

இது போக 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல மாஜிஸ்திரேட்டுக்கிட்ட மருத்துவச் செலவு, ஜீவனாம்சம், புருஷன்கிட்டேயிருந்து இழப்பீடு எல்லாம் கேட்கலாம். அது வேற பை, இது வேற பை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டம் 12-வது பிரிவு. 15100-க்கு அடிச்சா எந்த ஆபீஸ்னு சொல்லிடுவாங்க.

மயிலாடுதுறை மீனா

தனிக் கணக்கு விஷயம் எனக்குத் தோணியே இருக்காது. நாளைக்கே திறக்கறோம். நன்றிங்கய்யா.

கோரையாற்றங்கரை செல்வி

மீனா, அக்காவைப் பார்த்துக்கோங்க. குமாஸ்தா அண்ணே, தம்பிக்கு மனு எப்படி எழுதுறது? ஒருத்தர் நானே எழுதித் தர்றேன், வர்ற பணத்துல பத்துல மூணு பங்கு கொடுங்கன்னு கேக்கறார். சம்பளத்துக்கு எங்ககிட்ட எந்த ரசீதும் கிடையாது, அறுப்பு நேரத்துல மணிக்கணக்குக்குக் கையில காசு கொடுப்பாங்க. நடந்து ஆறேழு மாசம் ஆகிடுச்சு, அதுவும் பயமா இருக்கு.

குமாஸ்தா கும்பகோணம்

பங்கு கேக்கறவருக்கு ஒரு பைசா கொடுக்காதீங்க. ஆணைக்குழு ஆபீஸ்ல சட்டத் தன்னார்வலர்கள் இருப்பாங்க, அவங்களே எழுதித் தருவாங்க. திருவாரூர் வரை போக முடியலன்னா தாலுகா கோர்ட்டுல வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும், அங்க கொடுத்தாலும் சரி. மாதிரிக்கு நான் எழுதறேன், உங்க விவரத்தைப் போட்டுக்கோங்க:

"நான் மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். கதிர் அறுவடை இயந்திர ஓட்டுநராக வேலை செய்து வந்தேன். (தேதி) இரவு (நேரம்) அளவில் (இடம்) அருகே அடையாளம் தெரியாத இருவர் என்னை வழிமறித்து அரிவாளால் வெட்டி, கைப்பேசியையும் பணத்தையும் பறித்துச் சென்றனர். இது குறித்து (காவல் நிலையம்) குற்ற எண் (எண்) பதிவாகியுள்ளது. குற்றவாளிகள் இன்றுவரை கண்டறியப்படவில்லை. வலது கையில் ஏற்பட்ட கொடுங்காயத்தால் மூன்று விரல்கள் மடங்காத நிலையில் என் தொழிலைச் செய்ய இயலவில்லை. என் வருமானத்தை மட்டுமே நம்பி மனைவியும் இரு குழந்தைகளும் உள்ளனர். ஆகவே பி.என்.எஸ்.எஸ். பிரிவு 396(4)-இன்படி எனக்கு உரிய இழப்பீடு வழங்கவும், விசாரணை முடியும்வரை 396(6)-இன்படி இடைக்கால நிவாரணமும் தொடர் சிகிச்சை உதவியும் வழங்கவும் வேண்டுகிறேன்."

நாள் கடந்ததைப் பத்தி: காலக்கெடு தாண்டியிருந்தா, ஏன் தாமதம்னு தனியா ஒரு மனு சேர்த்துடுங்க. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பிசியோதெரபி, இப்படி ஒரு திட்டம் இருக்கிறதே தெரியாது, எல்லாத்தையும் உள்ளபடி எழுதுங்க. காரணம் நியாயமா இருந்தா ஏத்துக்கிற அதிகாரம் ஆணைக்குழுவுக்கு உண்டு. ஆனா இனி ஒரு வாரம்கூடத் தள்ளாதீங்க.

ரசீது இல்லாத கூலிக்கு, மிஷின்காரர்கிட்ட ஒரு கடிதம் வாங்குங்க. எத்தனை வருஷமா ஓட்டினான், சீசன்ல மணிக்கு என்ன கூலி, இப்ப ஏன் ஓட்ட முடியலன்னு அவர் கையெழுத்துல இருக்கட்டும். டிரைவிங் லைசென்ஸ் நகல், நலவாரிய அட்டை இருந்தா அது, வி.ஏ.ஓ. விசாரிச்சுக் கொடுக்கிற வருமானச் சான்று. இதுக்கு மேல ஒரு கூலித் தொழிலாளிகிட்ட யாரும் எதிர்பார்க்க முடியாது.

ஸ்டாஃப் நர்ஸ் தஞ்சை

ஊனச் சான்றை விட்டுட்டீங்களே அண்ணே. செல்வி, இழப்பீட்டுத் தொகை பெரும்பாலும் சதவீதத்தை வச்சுத்தான் ஏறி இறங்கும். அரசு மருத்துவர்கள் கொடுக்கிற மாற்றுத்திறனாளி சான்று வாங்குங்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல எந்தக் கிழமை முகாம்னு கேட்டுட்டுப் போங்க. அன்னிக்கு எக்ஸ்ரே, ஆபரேஷன் குறிப்பு எல்லாம் கையில இருக்கணும். தம்பி வீம்புக்கு "பரவாயில்ல, சமாளிச்சுக்குவேன்"னு சொல்லிடக் கூடாது, ஆம்பளைங்க நிறைய பேர் டாக்டர் முன்னாடி இப்படித்தான் பண்றாங்க. பட்டன் போட முடியல, சோத்தைப் பிசைய முடியல, பேனா பிடிக்க முடியலன்னு எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லணும். 40 சதவீதம் வந்துட்டா மாற்றுத்திறனாளிகளுக்கான மற்ற உதவிகளுக்கும் வழி பிறக்கும்.

கை சிகிச்சையையும் விடாதீங்க. இழுக்கிற நார் ஒட்டிக்கிட்டு இருந்தா ரெண்டாவது ஆபரேஷன்ல விடுவிக்கிறதும் உண்டு. டாக்டர்கிட்ட அதைக் கேளுங்க. சான்று கிடைக்கணுமேன்னு பயிற்சியை நிறுத்திடாதீங்க, அந்த யோசனையை யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. அவனுக்குப் பணத்தைவிட விரல் முக்கியம்.

பாபநாசம் ராமு

ஒரு சந்தேகம். எங்க தெருப் பையன் ஒரு கடையில நைட் வாட்ச்மேன். திருட வந்தவங்க அடிச்சு இவன் கால் உடைஞ்சது. இவனும் இப்படித்தான் கேக்கணுமா?

திருத்துறைப்பூண்டி தோழர்

அண்ணே, அவன் வேலை நேரத்துல, அந்த வேலையால அடிபட்டிருக்கான். அதனால இந்த மனுவோட இன்னொரு வழியும் இருக்கு. இ.எஸ்.ஐ. பிடிச்சிருந்தா இ.எஸ்.ஐ.லயே வேலைக் காயத்துக்கான பலன் உண்டு. இ.எஸ்.ஐ. இல்லன்னா முதலாளி இழப்பீடு கொடுக்கணும். முன்னாடி இது 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல இருந்தது, 2025 நவம்பர்லேர்ந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்கு மாறிடுச்சு. தொழிலாளர் துறையில அதுக்கான அதிகாரிகிட்ட காலக்கெடுவுக்குள்ள மனு போடணும். சம்பளம் கையில கொடுத்தாங்களா பேங்க்ல போட்டாங்களான்னு பாருங்க, அங்க வேலை பார்த்ததுக்கு அத்தாட்சி வேணும்.

செல்வி தங்கச்சி, உங்க தம்பிக்கும் இதை யோசிக்கலாமான்னு வக்கீல்கிட்ட கேளுங்க. வேலை முடிச்சு வீட்டுக்கு வர்ற வழியில நடந்ததால அது பொருந்துமான்னு எனக்கு உறுதியாத் தெரியல, ஆனா கேக்கறதுல தப்பில்ல.

கோரையாற்றங்கரை செல்வி

எல்லாருக்கும்: மனு கொடுத்தாச்சு. தம்பியையும் கூட்டிட்டுத்தான் போனேன். அங்க இருந்த ஒரு தன்னார்வலர் அக்கா குமாஸ்தா அண்ணன் எழுதினதையே கொஞ்சம் திருத்தி டைப் பண்ணிக் கொடுத்தாங்க. ஒரு ரூபாய் வாங்கல. எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, ரெண்டு ஆஸ்பத்திரி சீட்டு, மிஷின்காரர் கடிதம், ஆதார், பாஸ்புக் எல்லாம் வச்சோம். ஊனச் சான்று முகாம் அடுத்த வாரம், அது வந்ததும் சேர்த்துக்கலாம்னு சொன்னாங்க. தம்பியோட வேலை பார்த்த பையனும் வந்தான், தான் ஏன் விழுந்துட்டான்னு சொன்னேன்னு எழுதிக் கொடுத்தான். அழுதுட்டான் பாவம். அவன் இல்லன்னா தம்பி அன்னிக்கு ரத்தம் போயே செத்திருப்பான்னு நான் அவன்கிட்ட சொன்னேன்.

போலீஸ்கிட்ட அறிக்கை கேட்டு அனுப்புவோம்னு சொல்லியிருக்காங்க. இடைக்கால நிவாரணம் பத்திக் கேட்டதுக்கு, ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிகிட்டேயிருந்து சான்று வேணும்ங்கிறாங்க. அது எப்படி வாங்குறது?

குமாஸ்தா கும்பகோணம்

நல்ல வேலை செஞ்சீங்க. 396(6)-ல ரெண்டு பேர் சான்று தரலாம்னு இருக்கு: காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி, இல்லன்னா அந்தப் பகுதி மாஜிஸ்திரேட். ஸ்டேஷன்ல குற்ற எண்ணைப் போட்டு எழுத்துல மனு கொடுத்து, நகல்ல கையெழுத்தும் சீலும் வாங்குங்க. இழுத்தடிச்சா எஸ்.பி. ஆபீசுக்கு ஒரு நகலைப் பதிவுத் தபால்ல அனுப்புங்க. அதுக்கும் நகரலன்னா ஆணைக்குழு தர்ற வக்கீல் மூலமா மாஜிஸ்திரேட்டுக்கிட்ட கேக்கலாம்.

மனு விசாரணையை 2 மாசத்துல முடிக்கணும்ங்கிறது சட்டம். உத்தரவு வந்தப்புறம் பணம் கணக்குல ஏற மேற்கொண்டு நாள் ஆகும், அதுக்குள்ள கடன் வாங்கிக் கையைச் சுட்டுக்காதீங்க. தொகை ரொம்பக் குறைவுன்னு தோணினாலோ மனு தள்ளுபடி ஆனாலோ மாநில ஆணைக்குழுவுக்கு மேல்முறையீடு இருக்கு, உத்தரவு நகலை வாங்கின கையோட போகணும்.

விசாரணைக்குக் கூப்பிடுறப்போ மஞ்சப்பையை அம்மாவையே எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஒரிஜினல் எதையும் ஆபீஸ்ல விட்டுட்டு வராதீங்க, காட்டிட்டு நகல் மட்டும் கொடுங்க.

கோரையாற்றங்கரை செல்வி

சரிங்கண்ணே. திங்கக்கிழமை ஸ்டேஷனுக்குப் போறேன். சீல் வாங்கிட்டு இங்க எழுதறேன்.